பொருள் தெரிந்து பேசுங்கள்: பயணத்திற்குச் சில ஸ்பானிஷ் சொற்கள்

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம், நம் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம். ஒரு பாடலைத் தன் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களிலிருந்து விலக்கியது. புவெர்த்தோ ரிக்கோ பாடகர் லூயிஸ் ஃபோன்சியின் 'தெஸ்பாசித்தோ'தான் அந்தப் பாடல். அதன் வரிகள் பொதுமக்கள் கேட்பதற்கு ஏற்றவையாக இல்லை என்ற புகாருக்குப் பிறகே அந்த முடிவு எடுக்கப்பட்டது. தனியார் நிலையங்களை அந்தத் தடை கட்டுப்படுத்தவில்லை. அதற்குள் பாட்டு நாடு முழுவதும் பரவியிருந்தது. சிறுவர் முதல் பெரியவர் வரை முணுமுணுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வரிக்குக்கூடப் பொருள் தெரியாது.

பொருள் தெரியாமல் பாடுவதால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. பொருள் தெரியாமல் பேசுவது வேறு. அதுவும் அயல்நாட்டில், பசியோடு ஓர் உணவகத்திலோ, காய்ச்சலோடு ஒரு மருந்தகத்திலோ நின்றுகொண்டு பேசுவது முற்றிலும் வேறு. 'தெஸ்பாசியோ' என்றால் 'மெதுவாக' என்று பொருள். அதையே செல்லமாகக் குறைத்தால் 'தெஸ்பாசித்தோ'. பாட்டைப் பாடிய நம் இளைஞர்கள், ஸ்பானிஷ் நாடுகளுக்குப் போகும் பயணிக்கு மிகவும் தேவையான சொற்களில் ஒன்றைத் தெரியாமலேயே மனப்பாடம் செய்துவிட்டார்கள். 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபாவோர்' என்றால் 'இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், தயவுசெய்து' என்று அர்த்தம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம் மாணவர்களுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்ற கேள்வி எழலாம். ஸ்பெயின், மெக்சிகோ, பெரு, அர்ஜென்டினா, கொலம்பியா, கியூபா என்று 20 நாடுகளில் அது அதிகாரத்துவ மொழி. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஒன்று. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் ஸ்பெயின் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்குச் சுற்றுலாவாகச் சென்றால், 180 நாள்களுக்குள் 90 நாள்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். உயர்கல்வி மாணவர்களுக்கு மாணவர் பரிமாற்றத் திட்டம், விளையாட்டுப் போட்டி, ஆய்வு மாநாடு என்று வாய்ப்புகளும் வரத் தொடங்கிவிட்டன. வாய்ப்பு வரும்போது, விமானம் ஏறுவதற்கு முதல் நாள் இரவு கைப்பேசியில் பத்து வாக்கியங்களைப் பார்த்துவிட்டுப் போவதுதான் பலரின் வழக்கம்.

அது போதாது என்பதே நம் கருத்து. நூறு வாக்கியங்களைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதைவிட, இருபது வாக்கியங்களை அவற்றின் பொருளும் மரியாதையும் அறிந்து சொல்வது மேல். இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தமிழிலேயே இருக்கிறது.

'வேணும்' தந்த பாடம்

பள்ளிச் சுற்றுலாவில் மலாக்கா சென்றவர்கள், செயின்ட் பால் குன்றில் இடிந்த தேவாலயத்தின் முன் நிற்கும் சிலையைப் பார்த்திருப்பார்கள். அது புனித பிரான்சிஸ் சவேரியாரின் சிலை. இன்றைய ஸ்பெயினின் நவாரா பகுதியில் 1506ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பாஸ்க் அவருடைய தாய்மொழி. ஸ்பானிஷும் அறிந்தவர். 1542ஆம் ஆண்டு கோவாவில் வந்திறங்கிய அவர், அதே ஆண்டிலேயே தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரதவ மக்கள் பேசிய தமிழ் அவருக்குப் புரியவில்லை. அவர் பேசியது அவர்களுக்கும் புரியவில்லை.

அவர் என்ன செய்தார்? இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தார். முக்கியமான மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். அவற்றை அப்படியே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று, பிள்ளைகளைக் கூட்டி அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். இன்றைய பயணி கைப்பேசியில் வாக்கியங்களைச் சேமித்துக்கொண்டு புறப்படுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மனப்பாடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. 'கடவுளை நம்புகிறேன்' என்று அறிக்கையிடும் மன்றாட்டில், நம்புகிறேன் என்ற பொருளில் வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்ற தமிழ்ச் சொற்கள் இடம்பெற்றிருந்தன. பிற்பாடு சவேரியாருக்கே அது புலப்பட்டது. உடனே தம் சக ஊழியரான பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். 'வேணும்' என்பதற்கு விருப்பம் என்று பொருள், அந்த இடத்தில் 'விசுவாசம்' என்ற பொருள் தரும் சொல்லே வர வேண்டும் என்று விளக்கித் திருத்தச் சொன்னார். கடற்கரை மக்கள் அதுவரை அந்த வரியை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

1545ஆம் ஆண்டு அவர் மலாக்காவுக்கு வந்தபோதும் இதே முறைதான். மலாய் அறிந்தவர்களின் துணையோடு மீண்டும் மொழிபெயர்ப்பு, மீண்டும் மனப்பாடம். மொழி தெரியாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதையும் அவர் கடிதத்தில் மறைக்கவில்லை.

இதில் நாம் கற்க வேண்டியவை மூன்று. அறிந்தவரிடம் கேட்கத் தயங்கக்கூடாது. மனப்பாடம் ஒரு தொடக்கம்தான், அதைக் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் மனப்பாடம் செய்த சொல்லின் பொருளை விசாரித்துத் தெரிந்துகொள்ளும்வரை வேலை முடிந்துவிட்டதாக எண்ணக்கூடாது.

கேட்பதிலும் மரியாதை உண்டு

'வேணும்' என்பதற்கு ஸ்பானிஷ் சொல் 'கியேரோ'. 'கியேரோ ஆகுவா' என்றால் 'எனக்குத் தண்ணீர் வேண்டும்'. இலக்கணப்படி சரிதான். ஆனால் தெரியாத ஒருவரிடம் வெறுமனே 'எனக்குத் தண்ணி வேணும்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? நம் வீட்டுப் பெரியவர்கள் காதில் அது விழுந்தால் என்ன சொல்வார்கள்? 'போர் ஃபாவோர்' என்ற இரண்டு சொற்களைக் கூடச் சேர்த்தால் கடுமை குறையும். 'கியேரோ' என்பதற்குப் பதிலாக 'கிசியேரா' என்றால் இன்னும் பணிவாகிவிடும். 'தண்ணீர் கிடைத்தால் நன்றாக இருக்கும்' என்பது போன்ற தொனி அதில் உண்டு.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. ஸ்பானிஷில் இருக்கிறது. 'தூ' என்றால் நீ. 'உஸ்தேத்' என்றால் நீங்கள். ஸ்பெயினில் இளைஞர்கள் முன்பின் தெரியாதவரிடமும் 'தூ' போட்டுப் பேசுவது சாதாரணம். கொலம்பியாவின் பல பகுதிகளில் நெருங்கியவர்களிடம்கூட 'உஸ்தேத்' வரும். நமக்கு எது பாதுகாப்பு? வயதில் மூத்தவர், காவல்துறையினர், கடைக்காரர், மருத்துவர் ஆகியோரிடம் 'உஸ்தேத்' முறையில் பேசுங்கள். அவர்களே 'தூ' என்று சொல்லச் சொன்னால் மாறிக்கொள்ளலாம். மாமா, அத்தை என்று முறை பார்த்துப் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வினைச்சொல்லும் நமக்குப் பழகிய வழியில்தான் நடக்கிறது. தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே பேசுவது நான் என்று தெரிந்துவிடும். 'பேசுகிறாய்' என்றால் நீ. ஸ்பானிஷிலும் அப்படியே. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய், 'ஆப்லா' என்றால் பேசுகிறார். 'உஸ்தேத்' என்று ஒருவரை அழைக்கும்போதும் இந்த 'ஆப்லா'வே வரும். அதனால்தான் 'ஆங்கிலம் பேசுவீர்களா?' என்று மரியாதையாகக் கேட்க 'ஆப்லா இங்லேஸ்?' என்கிறார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் பழகியவருக்கு இந்த விகுதி மாற்றம் புதிதாக இருக்கும். தமிழ் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை படித்தவருக்கு அது பழைய கதை.

வணக்கம் சொல்வதையும் லேசாக எண்ண வேண்டாம். ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் சிறு கடைக்குள் நுழையும்போது முகமன் கூறுவது வழக்கம். ஒன்றும் சொல்லாமல் நுழைந்து விலையைக் கேட்பது நாகரிகம் ஆகாது. 'ஓலா' எந்த நேரத்துக்கும் பொருந்தும். காலையில் 'புவேனோஸ் தியாஸ்', பிற்பகலில் 'புவேனாஸ் தார்தேஸ்', இரவில் 'புவேனாஸ் நோச்செஸ்'. நன்றிக்கு 'கிராசியாஸ்'. யாராவது நமக்கு நன்றி சொன்னால் 'தே நாதா', அதாவது 'பரவாயில்லை'. மெக்சிகோவில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது 'புவேன் ப்ரோவெச்சோ' என்று வாழ்த்துவார்கள். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டே உறவு வளர்க்கும் நமக்கு இது பிடித்துப்போகும்.

நம் நாக்குக்கு எளிது

பிரிக்பீல்ட்சில் வாழும் ஒரு மாணவர் வீட்டில் தமிழும், பள்ளியில் மலாயும், வகுப்பில் ஆங்கிலமும், நண்பர்களிடம் கொஞ்சம் மாண்டரினோ கெண்டனீசோ பேசுகிறார். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது அவருக்கு அன்றாட வேலை. இது எவ்வளவு பெரிய முதலீடு என்பதை நாமே பல நேரம் உணர்வதில்லை.

உயிரொலிகளை எடுத்துக்கொள்வோம். ஸ்பானிஷில் ஐந்தே ஐந்து. அ, எ, இ, ஒ, உ. மலாயைப்போல் எழுதியபடியே படித்தால் போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: மலாயில் 'எ' எழுத்துக்கு இரண்டு ஒலிகள் உண்டு. 'எமாஸ்' என்பதில் வரும் மங்கிய ஒலி ஸ்பானிஷில் கிடையாது. எப்போதும் தெளிவான 'எ' தான்.

மெய்யொலிகளில் தமிழ் இன்னும் அதிகம் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் 'டாக்ஸி' என்கிறோம். ஸ்பானிஷில் அது 'தக்ஸி'. நாக்கு பல்லைத் தொட வேண்டும், நம் 'தம்பி'யில் வரும் தகரம்போல. சொல்லின் நடுவில் வரும் இன்னொரு தகர ஒலி மென்மையானது. 'அது', 'இது' என்பவற்றில் தகரம் எப்படி ஒலிக்கிறதோ, அப்படியே 'நாதா' என்பதிலும் ஒலிக்கும். 'புவேனோஸ்' என்பதன் முதல் எழுத்து 'தம்பி'யின் மூன்றாம் எழுத்தைப்போல் அதிர்ந்து ஒலிக்கும். ஆங்கிலேயர் மூச்சோடு தள்ளிச் சொல்லும் க, த, ப ஒலிகளை ஸ்பானிஷ்காரர்கள் நம்மைப்போல் மூச்சில்லாமல் சொல்வார்கள்.

தலையில் அலைக்கோடு போட்ட ஓர் எழுத்து ஸ்பானிஷில் உண்டு. அது நம் ஞகரம்தான். 'மஞானா' என்றால் நாளை. 'பாஞோ' என்றால் கழிப்பறை. 'பாஞ்யாக்', 'ஞாயிறு' என்று சொல்லும் வாய்க்கு இதில் என்ன கஷ்டம்?

கவனிக்க வேண்டியவை சில உண்டு. மலாயில் 'ஜ' என்று படிக்கும் எழுத்தை ஸ்பானிஷில் தொண்டையிலிருந்து வரும் 'ஹ' போல் ஒலிக்க வேண்டும். மலாயில் 'ஹ' என்று ஒலிக்கும் எழுத்து ஸ்பானிஷில் வாய் திறக்காது. ஆகவே 'ஹோட்டல்' அங்கே 'ஓத்தெல்'. கோழி இறைச்சியைக் குறிக்கும் சொல்லில் இரட்டை 'ல்' எழுதியிருந்தாலும் பெரும்பாலான இடங்களில் 'ய' போலவே சொல்வார்கள். 'போயோ'. கேட்பதற்கு 'பொய்யோ' என்று இருக்கும். மறக்க மாட்டீர்கள்.

ரகரத்தில்தான் சற்றுப் பயிற்சி தேவை. 'காரோ' என்று சாதாரணமாகச் சொன்னால் 'விலை அதிகம்'. நாக்கை நன்றாக உருட்டி 'கார்ரோ' என்றால் லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் அது 'கார்'. அரை, அறை வேறுபாட்டைப் பேச்சில் கைவிட்டுவிட்ட நமக்கு இது ஒரு நினைவூட்டல். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். முதல் அசையில் அழுத்தினால் 'பாப்பா' லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு. கடைசி அசையில் அழுத்தினால் அப்பா. இதையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பதால் மட்டும் பிடிக்க முடியாது. ஸ்பானிஷ் பேசுபவரின் குரலைக் காதால் கேட்டே ஆக வேண்டும்.

தெரிந்த சொல்லும் ஏமாற்றலாம்

மலாக்காவைப் போர்ச்சுகீசியர் 1511ஆம் ஆண்டு கைப்பற்றி 1641 வரை ஆண்டார்கள். தமிழகக் கரையிலும் அவர்களின் வணிகமும் சமயப் பணியும் நடந்தன. அதன் விளைவாக அவர்களின் சொற்கள் மலாயிலும் தமிழிலும் கலந்தன. போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் உடன்பிறப்பு மொழிகள். ஆகவே நம் வீட்டிலேயே பாதி ஸ்பானிஷ் சொற்பட்டியல் கிடக்கிறது. நம் மேசை, மலாயின் 'மேஜா', ஸ்பானிஷின் 'மேசா' எல்லாம் ஒன்றே. அலமாரி அங்கே 'அர்மாரியோ'. மலாயில் 'பெண்டேரா', ஸ்பானிஷில் 'பந்தேரா', கொடி. 'செகோலா', 'எஸ்குவேலா', பள்ளி. 'மிங்கு', 'தொமிங்கோ', ஞாயிற்றுக்கிழமை. 'பெஸ்தா', 'ஃபியெஸ்தா', விழா.

எதிர்த்திசையிலும் சொற்கள் பயணம் செய்திருக்கின்றன. மாம்பழத்தை ஸ்பானிஷில் 'மாங்கோ' என்பார்கள். நம் மாங்காய் போர்ச்சுகீசியர் வழியாகப் போய்ச் சேர்ந்த சொல் அது. சீனிக்கு 'அசூக்கார்'. சர்க்கரை என்ற சொல்லின் வடமொழி மூலத்திலிருந்து பாரசீகம், அரபு வழியாக ஸ்பெயினை அடைந்தது. மாமாக் கடையில் 'கூராங் மானிஸ்' சொல்லிப் பழகியவர்கள், அங்கே 'சின் அசூக்கார்' என்றால் சீனி இல்லாமல் கிடைக்கும்.

இனி எச்சரிக்கை. மலாயில் வெண்ணெய் 'மெந்தேகா'. இதுவும் போர்ச்சுகீசுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஸ்பானிஷ் உணவுப் பட்டியலில் 'மன்தேகா' என்று பார்த்தவுடன், 'ஆஹா, வெண்ணெய்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் அது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. வெண்ணெய்க்கு அங்கே 'மன்தெகீயா' என்ற வேறு சொல் உண்டு. அதே 'மன்தேகா' அர்ஜென்டினாவில் வெண்ணெய்! ஒரே மொழி, ஒரே சொல், நாட்டுக்கு நாடு வேறு பொருள். சைவ உணவினரும், பன்றி இறைச்சியைத் தவிர்க்கும் நம் முஸ்லிம் நண்பர்களும் இந்த ஒரு சொல்லை அறியாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆங்கிலமும் இப்படி ஏமாற்றும். வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, ஆங்கிலச் சொல்லின் சாயலில் ஒரு மாணவி 'எம்பராசாதா' என்றால், தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொல்கிறார் என்று பொருள்.

உணவு மேசையில்

பயணத்தில் அதிகம் பேச வேண்டியிருப்பது சாப்பாட்டைப் பற்றித்தான். நம் மாணவர்களில் பலர் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள். சிலர் முழுச் சைவம். 'நான் சைவம்' என்பதற்கு ஆண் 'சோய் வெஹெத்தாரியானோ' என்றும், பெண் 'சோய் வெஹெத்தாரியானா' என்றும் சொல்ல வேண்டும். ஆனால் இதோடு நின்றுவிடக்கூடாது. 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொல்லியும் ஸ்பெயினில் 'ஹமோன்' எனப்படும் பதப்படுத்திய பன்றித் தொடைத் துண்டுகள் தட்டில் வந்துவிடலாம். அதைச் சுவைக்காகத் தூவும் பொருளாகவே பலர் கருதுகிறார்கள். ஆகவே 'சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ' என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். இறைச்சி இல்லாமல், ஹமோன் இல்லாமல், மீன் இல்லாமல் என்று பொருள்.

மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்கள் ஸ்பெயினில் 'நோ கோமோ தெர்னேரா' என்று சொல்லலாம். மெக்சிகோ உள்ளிட்ட பல லத்தீன் அமெரிக்க நாடுகளில் அதற்குக் 'கார்னே தே ரெஸ்' என்று பெயர். பன்றி இறைச்சிக்கு 'செர்தோ'.

பொட்டலமாக 'புங்குஸ்' செய்து எடுத்துப்போக வேண்டுமா? 'பாரா யெவார்' என்று சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும் இங்கே 'பாஸ், கீரா!' என்று குரல் கொடுப்போம். அங்கே 'லா குவெந்தா, போர் ஃபாவோர்'.

விலை கேட்க 'குவாந்தோ குவெஸ்தா?' போதும். பதில்தான் சிக்கல். 'செசெந்தா' என்றால் அறுபது, 'செதெந்தா' என்றால் எழுபது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஐயம் வந்தால் வெட்கப்படாமல் தாளை நீட்டி, 'மே லோ எஸ்க்ரீபே?' என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். இடம் கேட்க 'தோந்தே எஸ்தா' என்று தொடங்கி, வேண்டிய இடத்தைச் சேர்க்க வேண்டும். 'தோந்தே எஸ்தா எல் பாஞோ?', கழிப்பறை எங்கே? புரியாவிட்டால் 'நோ எந்தியெந்தோ'. புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுத் திண்டாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

உதவி கேட்டுக் குரல் எழுப்ப ஒரு சொல் கட்டாயம் தெரிய வேண்டும். 'ஆயுதா!' ஸ்பானிஷில் உதவி என்று பொருள். நம் காதுக்கு ஆயுதம்போல் ஒலிக்கும் இந்தச் சொல்லை ஒருமுறை கேட்டால் மறக்காது. ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர அழைப்பு எண் 112 என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கைப்பேசி இருக்கிறதே?

எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செயலியைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. ஸ்பானிஷ் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் பயன்படும். மருத்துவச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், நீளமான அறிவிப்புப் பலகை ஆகியவற்றுக்கு அதை நாடுவதே அறிவு.

ஆனால் 'புவேனோஸ் தியாஸ்' சொல்வதற்குக் கைப்பேசியை எடுத்து நீட்டுவீர்களா? முதல் வார்த்தையை நம் வாயால் சொல்லிவிட்டு, பிறகு கைப்பேசியைக் காட்டினால் எதிரே இருப்பவர் பொறுமையாக உதவுவார். மேலும், மன்தேகா எந்த நாட்டில் கொழுப்பு, எந்த நாட்டில் வெண்ணெய் என்பதைச் செயலி ஒவ்வொரு முறையும் பிரித்துக் காட்டும் என்று நம்பியிருக்க முடியாது. சந்தேகம் கேட்கத் தெரிந்தவருக்கே செயலியும் பயன்படும்.

இருபது வாக்கியம் தெரிந்தால் ஸ்பானிஷ் தெரிந்துவிட்டது என்றும், அதனால் வேலை கிடைத்துவிடும் என்றும் யாரும் எண்ண வேண்டாம். அந்த மொழியில் தேர்ச்சி பெற விரும்புவோருக்கு முறையான வழி இருக்கிறது. ஸ்பெயின் கல்வி அமைச்சின் சார்பில் செர்வாந்தெஸ் கழகம் வழங்கும் 'தெலே' சான்றிதழ் ஆறு நிலைகளைக் கொண்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழிகள், மொழியியல் புலம் ஸ்பானிஷில் இளங்கலைப் பட்டப் படிப்பை நடத்துகிறது. அதே புலத்தில் தமிழும் பட்டப் படிப்பாக உள்ளது என்பது நாம் பெருமைப்படக்கூடிய செய்தி.

நான்கு வாரம் போதும்

பயணத்துக்குத் தயாராக நான்கு வாரம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு ஐந்து வாக்கியம். முதல் வாரம் முகமன், நன்றி, மன்னிப்பு. இரண்டாம் வாரம் வழியும் விலையும். மூன்றாம் வாரம் உணவு. நான்காம் வாரம் எண்கள், உடல்நலம், உதவி. ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழ் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, அதன் கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே பொருள் எழுதுங்கள். முழு வாக்கியத்தின் பொருள் மட்டும் போதாது. 'சின்' என்றால் 'இல்லாமல்' என்று தனியாகத் தெரிந்தால்தான், சீனிக்குச் சொன்னதை மீனுக்கும் மாற்றிச் சொல்ல முடியும்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கோமுட்டர் ரயிலில் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. காதில் ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு ஐந்து வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க அந்த நேரம் தாராளம். நண்பர் ஒருவர் கடைக்காரராகவும் நீங்கள் வாடிக்கையாளராகவும் நடித்துப் பாருங்கள். தடுமாறும் இடம் எது என்பது அப்போதுதான் தெரியும்.

உயர்கல்விக் கூடங்களில் இயங்கும் நம் தமிழ், இந்திய மாணவர் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகிறீர்கள், பாராட்டுக்குரியது. அதோடு ஒரு சனிக்கிழமை காலையை அயல்மொழிப் பட்டறைக்கு ஒதுக்குங்கள். ஸ்பானிஷ் படிக்கும் மாணவரையும் தமிழ் படிக்கும் மாணவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, தமிழ் வழியே ஸ்பானிஷ் சொல்லித்தரும் ஒரு சிறு கையேட்டைத் தயாரிக்கச் செய்யுங்கள். ஞகரத்தையும் தகரத்தையும் கொண்டு அம்மொழியின் ஒலியை விளக்க, ஆங்கிலக் கையேட்டைவிட நம் கையேடு பொருத்தமாக இருக்கும். கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா இடைநிலைப்பள்ளிகளின் தமிழ்மொழிக் கழகங்களுக்கு அதை அனுப்பிவைக்கலாம்.

தமிழ் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவரிடம் நாம் வழக்கமாகப் பண்பாடு, அடையாளம் என்று பேசுகிறோம். அவை உண்மையே. இன்னொரு பதிலும் இருக்கிறது. தாய்மொழியின் ஒலியையும் இலக்கணத்தையும் தெளிவாக அறிந்தவருக்கு அடுத்த மொழி சீக்கிரம் வசப்படும். 'நீங்கள்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 'உஸ்தேத்' எங்கே சொல்ல வேண்டும் என்பதும் விளங்கும். முத்துக்குளித்துறைக்கு வந்த ஸ்பெயின்காரர், 'வேணும்' என்ற சொல்லின் பொருளை நம்மவரிடம் கேட்டுத் தெரிந்து திருத்திக்கொண்டார். அவர் நாட்டுக்குப் போகும் நம் மாணவர்களும் அதே அக்கறையோடு கேட்டு, அறிந்து, பேசட்டும்.